மானிட்டரா, பிராசசரா?

கன்சோலிலிருந்து விமான சிமுலேட்டரைச் சென்ற மாதம் கணினிக்கு மாற்றினேன். திரை மட்டும் பழைய 55 அங்குல 4கே டிவிதான். 3840×2160 பிக்சலில் நடுவானில் நொடிக்கு 40 பிரேம் வருகிறது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கும்போது 22-க்குச் சரிந்து திணறுகிறது. ஆறு கோர் பிராசசர், 32 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு.

டிரைவரைப் புதுப்பித்தேன், டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்தேன், டிவியை கேம் மோடில் வைத்தேன். அப்ஸ்கேலிங் (குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்குவது) போட்டால் ஏ320 விமானத்தின் காக்பிட் திரைகளில் எண்கள் நிழலாக இழுபடுகின்றன. 2560×1440-க்கு இறக்கினால் வானில் 60 பிரேம், ஆனால் எழுத்துகள் மங்கல். உயரத்தைப் படிக்க முடியாமல் எப்படித் தரையிறங்குவது! ஹீத்ரோவில் அப்போதும் 25-ஐத் தாண்டவில்லை. அங்கே முட்டுவது பிராசசர் என்பது என் ஊகம்.

கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. 27 அங்குல 1440பி மானிட்டர், வேகமான பிராசசர், இவற்றில் எதை முதலில் வாங்கலாம்?