பிரிண்ட் எடுக்க டெர்மினலா, மவுஸா?

மண்டபம்_ஜெராக்ஸ்: மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், லினக்ஸ் கணினிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். நிவாரண மனு கேட்டு வரும் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். கடைப் பையனை டெர்மினலிலேயே, அதாவது கமாண்டைத் தட்டச்சு செய்யும் திரையிலேயே, பிரிண்ட் கொடுக்கப் பழக்கப்போகிறேன். ‘எல்பி’ என்று அடித்து, ‘-என் 50’, கோப்பின் பெயர், என்டர். 50 மனு வந்து விழும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கீழக்கரை_காக்கா: இருக்கிறது. கடையில் மனுவா அதிகம், இ-ஆதாரா? அந்தப் பிடிஎஃப் பாஸ்வேர்டு போட்டது. எல்பி பாஸ்வேர்டு கேட்காது. வேலையை வரிசையில் வாங்கிக்கொள்ளும், பிறகு கோப்பை பிரிண்டருக்கு ஏற்றபடி மாற்றும் ஃபில்டரில் படுத்துவிடும். பையன் தாள் சிக்கிவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பான். மவுஸால் திறந்தால் பெட்டி வந்து கேட்கும், அவ்வளவுதான்.

மண்டபம்_ஜெராக்ஸ்: க்யூபிடிஎஃப் என்ற மென்பொருளை வைத்துப் பூட்டை எடுத்துவிட்டு அனுப்பலாமே காக்கா.

கீழக்கரை_காக்கா: எடுக்கலாம் தம்பி. பூட்டில்லாத ஆதார் உங்கள் கணினியிலேயே கிடக்கும். பாஸ்வேர்டை கமாண்டோடு சேர்த்து அடித்தால் அது, அடித்த கமாண்டுகளைச் சேர்த்துவைக்கும் ஷெல் ஹிஸ்டரியில் கிடக்கும். அடுத்து உட்காருபவர் கீபோர்டில் மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினால் போதும், பாஸ்வேர்டான பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும் கண்ணெதிரே. ஊரார் ஆதாரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

தொண்டி_அலை: ஆதாருக்குச் சரி. அதற்காக டெர்மினலே ஆகாது என்றால் எப்படி? கரண்ட் போய் வந்த பிறகு பாருங்கள். ஒன்றும் வரவில்லையே என்று மவுஸால் மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுப்பார்கள். வரிசை ஓடத் தொடங்கியதும் எல்லாம் சேர்ந்து கொட்டும். ‘எல்பிஸ்டாட்’ அடித்தால் எது நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிரிண்டர் நிறுத்தப்பட்டிருந்தால் ‘கப்ஸ்எனேபிள்’ அடித்து மறுபடி ஓடவிடலாம்.

ஆனால் பையனுக்கு எல்பி மட்டும் போதும், பிரிண்ட் கொடுக்கும் இன்னொரு கமாண்டான எல்பிஆர் வேண்டாம். லினக்ஸில் பிரிண்ட் வேலையைப் பார்க்கும், 1999-ல் வந்த கப்ஸ், பழைய யுனிக்ஸ் வகைகளான சிஸ்டம் ஃபைவின் எல்பியையும் பிஎஸ்டியின் எல்பிஆரையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. எல்பியில் பெரிய ‘பி’ பக்க எண்ணைக் குறிக்கும், எல்பிஆரில் அதே எழுத்து பிரிண்டர் பெயரை. குழம்பாமல் இருந்தால்தான் அதிசயம். இன்னொன்று, நேரம் குறித்து அனுப்பினால், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரமான யுடிசி கணக்கு. இரவு 10 மணிக்கு வேண்டுமென்றால் 16:30 என்று கொடுக்கவேண்டும்.

கீழக்கரை_காக்கா: கடற்காற்றில் தாள் நமத்துப்போய் ஒன்றோடு ஒன்று ஒட்டி இழுக்கிற ஊர் இது. 50 நகலை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு பையன் டீக்கடைக்குப் போய்விடுவான், அப்புறம்?

மண்டபம்_ஜெராக்ஸ்: பத்துப் பத்தாகக் கொடுக்கச் சொல்கிறேன். மனுவுக்கு இந்தக் கமாண்டுகளைத் தானே ஓட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்டும் எழுதிவிடலாம்.

கீழக்கரை_காக்கா: பையன் ஊருக்குப் போய்விட்டால் அந்த ஸ்கிரிப்டை யார் ஓட்டுவது, உங்கள் வீட்டுக்காரம்மாவா?

மண்டபம்_ஜெராக்ஸ்: கடையில் லினக்ஸ் போட்டதே அவர்தான் காக்கா.