தம்பிக்கு ரூம் மாத்துனா மார்க் ஏறுமா?

விழுப்புரம் அக்கா:
தம்பி கிண்டி பக்கம் இன்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயர். காலேஜ் ஹாஸ்டல் கெடைக்கல, வேளச்சேரில ஒரு பிஜி, ஒரே ரூம்ல அஞ்சு பேர். பிளஸ் டூல நல்லா படிச்ச பையன், இப்ப முதல் செமஸ்டர்லயே மேத்ஸ், பிசிக்ஸ் ரெண்டுலயும் அரியர். ஒரு மாசமா இருமல் வேற. ஊர் சுத்துறான்னு அப்பா திட்டுறாரு. நான் போய் பாத்தப்ப இருந்ததே ஒரு ஜன்னல், அதையும் கொசுவுக்கு அட்டை வெச்சு அடைச்சிருக்காங்க, ஈரத்துணி உள்ளயே காயுது, செவுரெல்லாம் பூஞ்சை. எடத்த மாத்துனா சரியாகுமா?

வடபழனிக்காரன்:
மொதல்ல அவன் எத்தன மணிக்கு தூங்குறான்னு கேளுங்க அக்கா. எங்க ரூம்ல ஒருத்தன் நைட் ரெண்டு மணிக்கு வேலை முடிச்சு வந்து லைட்டு போடுவான், இன்னொருத்தன் விடிய விடிய கேம் ஆடுவான், நடுவுல படுத்தவன் எப்படி தூங்குறது. அந்த வயசுக்கு 7 மணி நேரமாச்சும் தூங்கணும், படிச்சது மனசுல நிக்கிறதே தூக்கத்துலதான். காலைல எந்திரிக்க முடியாம முதல் பீரியட் போகும், அப்பறம் 75% அட்டெண்டன்ஸும் இடிக்கும். பையன குத்தம் சொல்லாதீங்க.

ஸ்டாஃப் நர்ஸ்:
அரியர் கெடக்கட்டும்மா, ஒரு மாச இருமல்னு சாதாரணமா எழுதிட்டீங்களே! ரெண்டு வாரம் தாண்டுனாலே டிபி, அதான் காசநோய் இருக்கான்னு சளி டெஸ்ட் எடுக்கணும். டிபி காத்துல பரவுறது, காத்தோட்டம் இல்லாம நெருக்கி படுக்குற ரூம்னா இன்னும் சுலபமா பரவும். பூஞ்சையால வந்த அலர்ஜியாவும் இருக்கலாம், ஆனா பாத்துடணும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில டெஸ்ட், மருந்து ரெண்டுமே இலவசம். கடையில சிரப் வாங்கி குடிச்சு நாள கடத்த விடாதீங்க.

செங்கல்பட்டு:
வீட்லேர்ந்து போனாலும் கஷ்டம்தாங்க, ட்ரெயின்ல நின்னுட்டே போய் வந்தா புக்க தொடவே தோணாது. பிசி, எம்பிசின்னா அரசு கல்லூரி விடுதிக்கு ட்ரை பண்ணுங்க. தங்குறது, சாப்பாடு எல்லாம் ஃப்ரீ, வருஷ வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். எஸ்சி, எஸ்டிக்கும் தனியா விடுதி இருக்கு. காப்பாளர்கிட்டயே விசாரிக்கலாம்.

விழுப்புரம் அக்கா:
டெஸ்ட் விஷயம் யாரும் சொல்லல, நாளைக்கே சென்னை கிளம்புறேன். கூட இருக்குற பசங்களுக்கும் எடுக்கணுமா சிஸ்டர்?

ஸ்டாஃப் நர்ஸ்:
இருமல், சாயங்காலமானா காய்ச்சல், எடை குறையறதுன்னு யாருக்காச்சும் இருந்தா தம்பியோடவே கூட்டிட்டு போங்க. தம்பிக்கு டிபின்னு வந்துட்டா மட்டும் நாலு பேரும் கட்டாயம் பாக்கணும்.