விளையாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது எப்படி?

கேள்வி: ஆங்கில ஆசிரியை, நாகர்கோவில்
உடற்கல்வி பயிலும் கல்லூரி மாணவர்களுக்கு இவ்வாண்டு ஆங்கிலம் எடுக்கிறேன். தூத்தூர், வள்ளவிளை போன்ற கடலோர ஊர்களின் கால்பந்து வீரர்களும், தடகளம், கபடி ஆடுபவர்களும் வகுப்பில் இருக்கிறார்கள். விடியற்காலைப் பயிற்சியை முடித்துக் களைப்போடு வந்து அமரும் அவர்களிடம் இலக்கணத்தைத் தொடங்கினால் சற்று நேரத்தில் கவனம் போய்விடுகிறது. மைதானத்தில் அத்தனை கூர்மையாக இருப்பவர்கள் இங்கே வாய் திறக்கத் தயங்குவதைக் காண மனம் பொறுக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி கூறுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர், மார்த்தாண்டம்
அம்மா, பாடவேளையில் ஒரு பகுதியையேனும் மைதானத்துக்கு மாற்றுங்கள். கட்டளையைக் கேட்டு உடலால் செய்துகாட்டி மொழி பயிலும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே ஆராய்ந்தார். அது உங்கள் மாணவர்களுக்கென்றே அமைந்தது போன்றது. வார்ம்-அப் பயிற்சியை ஒரு மாணவர் ஆங்கிலத்தில் நடத்த, மற்றவர்கள் கேட்டபடியே செய்யட்டும். சொல் பிழைத்தால் எல்லாருடைய காலும் வேறு பக்கம் திரும்பும். நீங்கள் குறுக்கிடாமலே அவர் திருத்திக்கொள்வார்.

அடுத்து, ஒரு கோல் விழும் காட்சியை ஒலியில்லாமல் ஓட்டி வர்ணனை செய்யச் சொல்லுங்கள். நேரடி வர்ணனை பெரும்பாலும் நிகழ்காலத்தில் வரும். அதே கோலைப் பற்றி, ஆட்டம் முடிந்தபின் எடுக்கும் பேட்டியைப் போலக் கேட்டால், விடை இறந்தகாலத்தில் அமையும். வினையின் காலங்களைக் கற்பிக்க இதைவிட இயல்பான வழியை நான் அறியேன்.

பதில்: உடற்கல்வி ஆசிரியர், குளச்சல்
ஐயா கூறியதோடு வாசிப்பையும் சேருங்கள். கால்பந்தின் 17 விதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆஃப்சைடு பற்றிய 11ஆம் விதியைக் கொடுத்து, ஒரு சிக்கலான காட்சியைக் காட்டி, விதியின் வாசகத்தை மேற்கோள் காட்டியே வாதாட வேண்டும் என்று சொல்லிவிட்டால் வகுப்பு அமைதியாக இருக்காது.

ஊக்கமருந்து விதிகளையும் கட்டாயம் படிக்க வையுங்கள். தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் புதிதாக நடைமுறைக்கு வருகிறது. சளிக்குத் தரும் சில மருந்துகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், சிறுநீரில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், போட்டிக்காலத்தில் குற்றமாகிவிடும். தெரியாமல் உட்கொண்டேன் என்று சொல்லி விதிமீறலிலிருந்து தப்ப முடியாது. மருந்து அட்டையின் ஆங்கிலத்தைப் பிழையின்றி வாசிப்பது ஒரு வீரரின் வாழ்க்கையையே காக்கும் என்பதால், இதை நான் மதிப்பெண்ணுக்கும் மேலாக வைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வரும் வாரமே வார்ம்-அப்பிலிருந்து தொடங்குகிறேன். ஐயா, எழுத்துத் தேர்வுக்கு எப்படி ஆயத்தப்படுத்துவது?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர், மார்த்தாண்டம்
தாம் ஆடிய ஆட்டத்தைப் பற்றி வாரம் ஒரு பத்தி எழுதட்டும். தொடக்கத்தில் எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் சுழிக்காமல், ஒரே வகைப் பிழையை மட்டும் திருத்திக் கொடுங்கள்.