கற்பித்தல் பயிற்சியும் ஸ்மார்ட் போர்டும்: வாசிக்கிறான் என்று நான் நம்பிய மாணவன்

பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி, விழுப்புரம் மாவட்டம்

16 வாரக் கற்பித்தல் பயிற்சியில் எனக்கு இது ஒன்பதாவது வாரம். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பாடநூலின் கியூஆர் குறியீட்டில் வரும் காணொலியை முதலில் ஸ்மார்ட் போர்டில் போட்டுக் காட்டிவிட்டு, அதில் வரும் வாக்கியங்களையே ஸ்லைடுகளாக்கி, ஸ்லைடுக்கு ஒருவராக எழுப்பி வாசிக்கச் சொல்வது என் வழக்கம். இந்த ஆசிரியர் குழுவில் உள்ள பலரும் இப்படித்தான் நடத்துவீர்கள் என்பதால் அதை விளக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு மாணவனைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். மற்ற பாடங்களில் வாயே திறக்காத அவன் என் வகுப்பில் தடுமாறாமல் வாசிப்பான். அது என் கற்பித்தலின் வெற்றி என்று நான் உள்ளூர மகிழ்ந்திருந்தேன்.

சென்ற வியாழக்கிழமை வேர்களைப் பற்றிய பாடம். மாணவர்களைப் பார்த்தபடி நின்றுகொண்டு அடுத்த ஸ்லைடுக்கான பொத்தானை அழுத்தி, அவனை எழுப்பினேன். "நெல், புல், மக்காச்சோளம் ஆகியவற்றுக்குச் சல்லிவேர்கள் உண்டு" என்று கணீரென்று வாசித்தான். சொல்லுக்குச் சொல் அவனுடைய ஆள்காட்டி விரல் காற்றில் இடமிருந்து வலமாக நகர்ந்தது. "மிக நன்று" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முன் வரிசை மாணவி ஒருத்தி, "மிஸ், ஸ்லைடு மாறவே இல்லையே" என்றாள். திரும்பிப் பார்த்தேன். கணினி திணறி நின்றுபோயிருந்தது. பலகையில் ஒரு மாமரமும், அதன் கீழே "மா, வேம்பு ஆகியவற்றுக்கு ஆணிவேர் உண்டு" என்ற பழைய வாக்கியமும் அப்படியே இருந்தன. வகுப்பு சிரித்தது. அவன் பலகையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மாவின் கைப்பேசியில் அந்தக் காணொலியை முதல் நாள் இரவே பலமுறை கேட்டு மனப்பாடம் செய்துவிடுகிறான் என்பதும், பெஞ்சு வரிசையை எண்ணித் தனக்கு எத்தனையாவது வாக்கியம் வரும் என்று கணித்துக்கொள்கிறான் என்பதும் பிறகுதான் தெரிந்தன. அவனுக்குப் புள்ளி வைத்த எழுத்துக்கும் வைக்காத எழுத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. என் பாடத்திட்டப் பதிவேட்டில், மதிப்பிடுதல் என்ற பகுதியில், "மாணவர்கள் அனைவரும் பிழையின்றி வாசித்தனர்" என்று ஐந்து வகுப்புகளுக்கு எழுதியிருக்கிறேன். ஐந்திலும் வழிகாட்டி ஆசிரியர் கையொப்பமிட்டிருக்கிறார். அதைத் திருத்த எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. உங்களில் எவருக்கேனும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியர், தஞ்சாவூர்

நேர்ந்திருக்கிறது, ஆனால் திரையே இல்லாத காலத்தில். 2007-08இல், பிள்ளைகள் தம் வேகத்தில் தாமே படித்து முன்னேறும் செயல்வழிக் கற்றல் அட்டைகள் எங்கள் பள்ளிக்கு வந்தன. சுவரில் ஏணிப்படம், தரையில் பாய், பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை என்று வகுப்பறையே மாறியிருந்தது. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் ஒரு சின்னம் இருக்கும், அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் ஏணிப்படத்தில் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்து அட்டையை எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படிப்படியாக ஏறிக்கொண்டே இருந்தாள், எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு நாள் அவள் எடுத்த அட்டையின் மூலையை எலி கடித்துவிட்டிருந்தது. அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது என்ன அட்டை?" என்று என்னிடம் நீட்டினாள். அதன் நடுவில் 'பட்டம்' என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

ஆகவே கருவியைக் குறை சொல்ல வேண்டாம், தங்கையே. எழுத்து தெரியாத பிள்ளை எந்தக் கருவியிலும் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்துவிடும். எலியோ பழுதோ வந்துதான் நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

கணிதப் பட்டதாரி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

மேலே ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அட்டை பிள்ளையின் கையில் இருக்கும், நாம் அருகில் பாயில் உட்கார்ந்திருப்போம். திரை நாற்பது பேருக்கும் பொதுவானது, நாற்பது பேரும் அதைப் பார்ப்பதால் நாற்பது பேரும் கற்கிறார்கள் என்ற மயக்கத்தை அதுதான் நமக்குத் தருகிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது.

என் அனுபவம் சிறியது. எங்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் எட்டாம் வகுப்புக்குக் கொள்குறி வினாத் தேர்வு நடந்தது. 20 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். வினா திரையில் முழுதாக வந்து சேர்வதற்கு முன்பே ஒரு மாணவியின் சுட்டி இரண்டாவது விடை வரும் இடத்தில் போய்க் காத்திருந்தது. 20 முறையும் அங்கேயே சொடுக்கினாள். அவளுக்கு 6 மதிப்பெண் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொடுக்கினாலே சராசரியாக 5 வரும் என்று நிகழ்தகவு நடத்தும் நானே, அந்த 6ஐ "அடிப்படை ஓரளவு தெரியும்" என்று வாசித்துப் பட்டியலில் ஏற்றியிருக்கிறேன். அன்று தற்செயலாக அவள் பின்னால் நின்றிருக்காவிட்டால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

கட்டுறுபயில்வு (பாடசாலையில் செய்யும் கற்பித்தல் பயிற்சி) முடித்தவர், யாழ்ப்பாணம்

கல்வியியற் கல்லூரியில் மூன்றாம் வருடம் கட்டுறுபயில்வுக்காகப் பாடசாலைக்குப் போக வேண்டிய நேரத்தில் எங்களுக்குக் கொரோனா வந்தது. பெரும்பாலான வீடுகளில் சூம் வகுப்புக்கு டேட்டா போதாது என்பதால், பாடத்தை வட்சப்பில் அனுப்பி, பிள்ளைகள் வாசித்து அனுப்பும் குரற்பதிவுகளைக் கேட்டுப் புள்ளி (மதிப்பெண்) இட்டேன். தரம் 4 மாணவன் ஒருவனின் பதிவு எப்போதும் தெளிவாக இருக்கும். ஒரு நாள் இரைச்சலுக்காக இயர்போன் போட்டுக் கேட்டபோதுதான், அவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நொடி முன்னால், மிக மெல்லிய குரலில் அம்மம்மா அதே சொல்லைச் சொல்வது கேட்டது. அதற்கு முந்தைய பதிவுகளையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவர் இருந்தார். அந்தப் பதிவுகளை நான் இன்னும் அழிக்கவில்லை.

சிறப்பாசிரியர், கோயம்புத்தூர்

எனக்கும் இது போன்ற ஒரு மாணவன் இருந்தான். படத்தைப் பார்த்தே கதை சொல்லிவிடுவான், படத்தை மூடினால் நின்றுவிடுவான். அதைவிட, முதலில் எழுதிய சகோதரிக்குச் சில செய்திகளைச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலாவதாக, எக்காரணம் கொண்டும் அவனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதில் ஏற்படும் கற்றல் குறைபாடு) என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். கண் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதித்தாகிவிட்டதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். எத்தனையோ பிள்ளைகள் கண்ணாடி இல்லாத ஒரே காரணத்தால் மக்கு என்று பெயர் வாங்கியிருக்கிறார்கள். குறைபாடு இருக்கிறதா என்பதை உரிய மதிப்பீட்டுக்குப் பின் சான்றளிக்க வேண்டியவர்கள் வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு.

இரண்டாவதாக, தமிழ் எழுத்தை அவன் கண்ணால் பாருங்கள். 'கெ', 'கே', 'கை' என்று எழுதும்போது, பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் வந்து நிற்கிறது. 'கொ'வில் அது இரண்டு பக்கமும் நிற்கிறது. கடல், அகல், தங்கம் ஆகிய மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. நமக்கு இவை பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை, அவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு வேலி. எங்கே தடுக்கி விழுகிறான் என்று தெரிய வேண்டுமானால் பாடநூல் வாக்கியத்தைக் கொடுக்காதீர்கள். 'மபு', 'நெவா' என்று பொருளே இல்லாத சொற்களை எழுதிக் காட்டுங்கள். அவற்றை எந்தக் காணொலியிலிருந்தும் மனப்பாடம் செய்ய முடியாது.

மூன்றாவதாக, ஸ்லைடில் ஒரே நேரத்தில் ஒரு வரிக்கு மேல் வைக்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கி, சொற்களுக்கு இடையே நிறைய இடம் விடுங்கள், பின்னணியில் பூ, பட்டாம்பூச்சி எதுவும் வேண்டாம். கைப்பேசியில் உரையை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அறிவியல் கருத்தைப் புரிந்துகொள்ள அவன் அதைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும், எழுத்து தெரியவில்லை என்பதற்காக வேரைப் பற்றித் தெரியாமல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவியல் தெரிந்ததற்கும் வாசிக்கத் தெரிந்ததற்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதுங்கள். நான்காவதாக, வகுப்பின் முன் எழுப்பி வாசிக்கச் சொல்லும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை, கடலூர் மாவட்டம்

சகோதரி கேட்டது இப்படி நேர்ந்திருக்கிறதா என்று மட்டுமே, மருந்துச் சீட்டு அல்ல. எழுப்பி வாசிக்கச் சொல்வதை விட்டுவிட்டால் அந்தப் பையன் கடைசி வரை தெரியாமலே போயிருப்பான் என்பதையும் சிறப்பாசிரியர் எண்ணிப் பார்க்கலாம்.

யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். 2025-26இல் ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை 2020-21இல் ஒன்றாம் வகுப்புக்கு வந்திருக்க வேண்டியவன். அந்த ஆண்டு முழுவதும் அவனுக்குப் பள்ளி இல்லை. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று, அப்போது அவன் இரண்டாம் வகுப்பு. 'அ'வை ஆசிரியர் கைபிடித்து எழுத வைக்கும் பருவத்தை அவன் கல்வித் தொலைக்காட்சியின் முன்னால் கழித்திருக்கிறான். எங்கள் பள்ளியில் கதவைத் திறந்த முதல் நாள், சிலேட்டைக் கையில் கொடுத்ததும் ஒரு பையன் அதைக் கைப்பேசி என்று நினைத்தானோ என்னவோ, விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தான்.

2022இல், விட்டுப்போன கற்றலை ஈடுகட்டும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தோம். வகுப்பு எதுவானாலும் நிலைக்கேற்பப் பாடம் நடத்தலாம் என்பது பெரிய விடுதலையாக இருந்தது. இருந்தும் சில பிள்ளைகள் மலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரும்புகள் என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். அடுத்த பிள்ளை வாய் திறந்ததும் அரை நொடி பின்னால் சேர்ந்து சொல்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அந்தப் பதிவேட்டுக் குற்றவுணர்வு உங்களுக்கு மட்டும் உரியதல்ல, ஐந்து ஆண்டு ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி, விழுப்புரம் மாவட்டம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதிவேட்டைப் பற்றி வழிகாட்டி ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பழைய பக்கங்களில் கைவைக்க வேண்டாம், இனி எழுதும் பக்கத்தில் அதைக் குறிப்பிடு என்றார். பத்தாவது வாரத்துப் பாடத்திட்டத்தின் கீழ், முந்தைய ஐந்து மதிப்பீடுகளும் தவறானவை என்று ஒரு வரி எழுதினேன். அதற்கும் கையொப்பமிட்டார், வேறொன்றும் சொல்லவில்லை. கல்லூரியிலிருந்து பார்வையிட வரும் பேராசிரியர் அதைப் பார்த்து என்ன சொல்வார் என்று தெரியாது.

அவனோடு தினமும் மதிய உணவுக்குப் பின் இருபது நிமிடம் உட்காருகிறேன். சிறப்பாசிரியர் சொன்ன பொருளற்ற சொற்களைக் கொடுத்துப் பார்த்தேன். 'மபு'வைப் பார்த்துச் சிரித்துவிட்டான், அதுவே நாங்கள் பேசத் தொடங்கக் காரணமானது. மெய்யெழுத்துகள் வந்துவிட்டன, கொம்பு வைத்த எழுத்துகளில் இன்னும் நிறையத் தடுமாறுகிறான், 'தொ'வைப் பார்த்தால் 'தெ'யில் நின்றுவிடுகிறான். பழைய வேர்ப் பாடத்து ஸ்லைடுகளையே வரிசை மாற்றி, ஒலி இல்லாமல் வைத்துக்கொண்டுதான் பயிற்சி. கணிதச் சகோதரியின் பதிவைப் படித்த பிறகு நான் அவனுக்கு எதிரில் உட்காருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவன் கண் போகும் இடத்தைப் பார்க்கிறேன்.

நேற்று "வேம்பு ஆணிவேர் கொண்டது" என்ற வரியை ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுத்து, விரல் வைத்து வாசித்தான். 'கொண்டது' என்பதில் மூன்று முறை நின்றான். முடித்ததும் என்னைப் பார்க்காமல் கணினியைப் பார்த்து, "மிஸ், இப்ப சவுண்டு வைங்க, நான் சொன்னது சரியான்னு பாக்கலாம்" என்றான். வைத்தேன்.