இரத்த அழுத்தம் 152/96: மாத்திரையைத் தொடங்குவதா, உணவையும் நடையையும் மாற்றிப் பார்ப்பதா?

தென்காசி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. தென்காசிக்கு அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் என் இரத்த அழுத்தம் 158/98 என்று வந்தது. மாடியில் வகுப்பை முடித்துவிட்டு அவசரமாக இறங்கி வந்த களைப்பில் கூடியிருக்கும் என்று எண்ணி அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி வற்புறுத்தியதால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றேன், அங்கே 152/96. பத்து நாள் கழித்துப் பார்த்தபோதும் 150/96. சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இ.சி.ஜி. எல்லாம் சரியாக உள்ளன. மருத்துவர் அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரையை நாள்தோறும் ஒன்று எடுத்துக்கொள்ளுமாறு எழுதிக் கொடுத்தார். அந்த அட்டை இன்னும் பிரிக்கப்படாமல் மேசையில் கிடக்கிறது.

எனக்குத் தலைவலியோ தலைசுற்றலோ மூச்சு வாங்குதலோ எதுவும் இல்லை. ஒருமுறை இந்த மாத்திரையைத் தொட்டுவிட்டால் ஆயுள் முழுவதும் விட முடியாது என்று என் அம்மா உறுதியாகச் சொல்கிறார். மறுபுறம், என் அப்பா 61 வயதில் பக்கவாதத்தில் விழுந்தார். தலை சுற்றும் நாளில் மட்டும் மாத்திரை போட்டுக்கொள்வது அவருடைய வழக்கமாக இருந்தது. என் உயரம் 167 செ.மீ., எடை 82 கிலோ. நடைப்பயிற்சி கிடையாது. மதியச் சாப்பாட்டில் ஊறுகாயும் அப்பளமும் இல்லாத நாள் இல்லை. இவற்றையெல்லாம் திருத்திக்கொண்டு ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா? அப்படிக் காத்திருப்பது ஆபத்தா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பொது மருத்துவர், திருவாரூர்:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவரின் முடிவை நான் இங்கிருந்து மாற்ற முடியாது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், அறிகுறி இல்லை என்பதை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள். உயர் இரத்த அழுத்தம் பல ஆண்டுகள் எந்த உணர்வும் தராமலேயே இருதயத்தின் சுவரைத் தடிக்கச் செய்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் கண்ணின் விழித்திரையையும் மூளையின் சிறு தமனிகளையும் கெடுக்கும். உங்கள் தந்தை தலைசுற்றலை அளவுகோலாக வைத்துக்கொண்டதுதான் அவருக்கு நேர்ந்த தவறு. அந்த ஒரு தவறை மட்டுமாவது நீங்கள் செய்யக் கூடாது என்று மனமார விரும்புகிறேன்.

வாழ்க்கை முறையால் மட்டும் எதுவரை போக முடியும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1944 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை இருதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108 இருந்தது. இருதயத்துக்கு டிஜிட்டாலிஸ் கொடுக்க முடிந்ததே தவிர, அழுத்தத்தை நன்கு குறைக்கும் மாத்திரை அன்றைக்கு உலகில் இல்லை. உப்பைக் குறைத்தார்கள், எடையைக் குறைத்தார்கள், சிகரெட்டைக் குறைத்தார்கள், ஓய்வு கொடுத்தார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தார். பிறகு அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 1967இல் வெளியான ஆய்வில், கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில் பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். கடுமையான பாதிப்புகள் வெற்று மாத்திரைக் குழுவில் 27 பேருக்கும், மருந்துக் குழுவில் 2 பேருக்கும் ஏற்பட்டன. உங்கள் அளவு அவர்களுடையதைவிட மிகவும் குறைவு. ஆகவே இதை அச்சுறுத்தச் சொல்லவில்லை; மாத்திரையை வேண்டாத பொருளாக நினைக்க வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி உங்கள் நிலைக்கு வருகிறேன். 160/100க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இருதய நோய் ஏதேனும் இருந்தாலோ காத்திருக்க இடமில்லை. மாத்திரையும் பழக்க மாற்றமும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். மேல் அளவு 140 முதல் 159 வரை, கீழ் அளவு 90 முதல் 99 வரை உள்ளவர்களுக்கு வேறு பாதிப்புகள் இல்லையெனில் மூன்று மாதங்கள், மிஞ்சினால் ஆறு மாதங்கள், பழக்க மாற்றத்தை மட்டும் முயன்று பார்க்கலாம் என்று சில வழிகாட்டு நெறிகள் இடம் தருகின்றன. மூன்று மாதம் கேளுங்கள் என்பது என் கருத்து. காலக்கெடு நீண்டால் முயற்சி தளர்ந்துவிடுவதை என் புறநோயாளிகளிடம் தொடர்ந்து பார்க்கிறேன்.

அதற்கு முன் வீட்டில் சரியாக அளக்க வேண்டும். கைப்பட்டை மேற்கையில் கட்டும் வகையாக இருக்கட்டும். மணிக்கட்டுக் கருவி வேண்டாம். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, தேநீர், புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்து, கையை இருதய மட்டத்தில் மேசை மேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு வாரம் குறித்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரிக்கு எல்லை 135/85.

பழக்க மாற்றங்கள் தரும் பலன் உண்மையானது, ஆனால் அளவுக்கு உட்பட்டது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு ஏறத்தாழ 1 புள்ளி குறையும். காய்கறி, பழம், பருப்பு, கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் மிகுந்த டேஷ் உணவு முறையை ஆராய்ந்த 1997ஆம் ஆண்டு ஆய்வில், உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு அழுத்தம் 11.4/5.5 குறைந்தது. நாள்தோறும் வேகநடை 5 முதல் 8 புள்ளிகள் குறைக்கக்கூடும். நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் சொல்கிறேன்: இவற்றையெல்லாம் கூட்டிப் போட்டு மொத்த விடை வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒன்றின் பலன் மற்றொன்றின் பலனுக்குள் அடங்கிவிடும்.

உங்கள் அம்மாவின் அச்சத்துக்கு என் பதில் இது: இம்மாத்திரை உடலை அடிமையாக்குவதில்லை. நோய் நீடிப்பதால்தான் மாத்திரையும் நீடிக்கிறது. எடை குறைந்து அழுத்தம் தாழ்ந்தவர்களுக்கு நானே அளவைக் குறைத்திருக்கிறேன். சிலருக்குக் கண்காணிப்போடு நிறுத்தியும் இருக்கிறேன். அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அப்படி நேர்ந்தால் சொல்லுங்கள், மாற்று மருந்துகள் உண்டு.

இன்னும் ஒன்று. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரை எடுக்கிறீர்களா? உரக்கக் குறட்டை விட்டு, பகலில் தூக்கம் வருகிறதா? மது, மூக்கடைப்பு மாத்திரை, அதிமதுரம் ஏதேனும் உண்டா? இவை ஒவ்வொன்றும் அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை.

குடந்தை அம்மா:

தம்பி, எனக்கு வயது 62. ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் 148/94 இருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னபோது, எங்கள் வீட்டில் உப்பு குறைவுதானே என்று வாதாடினேன். பிறகு ஒரு மாதம் கணக்கு வைத்துப் பார்த்தேன். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் முப்பது நாளில் தீர்ந்தது. அப்படியானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழ். ஊறுகாய், அப்பளம், பேக்கரி பிஸ்கட், மிக்ஸர் இவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

நான் செய்தது இதுதான். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம் உப்பைத் தனி டப்பாவில் அளந்து வைத்துவிடுவேன். அதற்கு மேல் எடுப்பதில்லை. ஒரே நாளில் குறைத்தால் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள் என்பதால் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தேன். சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்தினேன். மோருக்கு உப்புக்குப் பதில் இஞ்சியும் கறிவேப்பிலையும், பொரியலுக்கு இறக்கும்போது எலுமிச்சைச் சாறும். மோர் மிளகாயும் வடகமும் பண்டிகை நாளுக்கு மட்டும் என்றாயிற்று. ஆறேழு வாரத்தில் நாக்கு பழகிவிட்டது. இந்துப்பு நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்; அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான் என்று தெரிந்ததும் அதை வாங்குவதை விட்டேன்.

ஐந்து மாதத்தில் 132/82 ஆனது. நான்கு ஆண்டுகள் மாத்திரை இன்றியே இருந்தேன். பிறகு அதே உப்பு, அதே நடை இருந்தும் மெல்ல ஏறி 150ஐத் தாண்டியது. அன்று மிகவும் அழுதேன்; நான் எங்கோ தவறிவிட்டேன் என்று நினைத்தேன். வயது ஏற ஏறத் தமனிகள் விறைக்கும், அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை என்று என் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இப்போது டெல்மிசார்ட்டன் 40 எடுக்கிறேன். உப்பு இன்னும் 600 கிராம்தான்.

வைகைக்கரை:

என் அண்ணன் மதுரையில் இருக்கிறார். மாத்திரை எடுத்து 128/80 ஆனதும், குணமாகிவிட்டது என்று தாமாகவே நிறுத்திவிட்டார். எட்டு மாதம் யாரும் அளந்து பார்க்கவில்லை. ஒரு விடியற்காலையில் வலக்கை எழவில்லை. இப்போது இடக்கையால் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார். நல்ல அளவு வந்தது மாத்திரையால்தான் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. இதைப் படிப்பவர்கள் தங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

மூலிகை ஆர்வலர்:

சர்ப்பகந்தா வேர் இரத்தக் கொதிப்புக்குச் சிறந்தது என்று நம் மரபில் சொல்கிறார்கள். இயற்கையான அந்த வழியை ஏன் யாரும் குறிப்பிடவில்லை?

பொது மருத்துவர், திருவாரூர்:

கேட்டது நல்லதாயிற்று. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இருதய இதழில் எழுதிய கட்டுரைதான் அந்த வேரின் ஆற்றலை மேலை மருத்துவ உலகம் கவனிக்கச் செய்தது. 1952இல் அதிலிருந்து ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. நான் மேலே சொன்ன 1967 ஆய்வின் மருந்துகளில் அதுவும் ஒன்று. ஆகவே அந்த வேர் வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. வேலை செய்யும் பொருள் என்பதாலேயே அதற்கு அளவும் பக்கவிளைவும் உண்டு: மூக்கடைப்பு, சோர்வு, சிலருக்குக் கடும் மனச்சோர்வு. வேர்ப்பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அறிய வழியில்லாதபோது, அளவு தெரிந்த மாத்திரையை விட்டுவிட்டு அதை நாடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குடந்தை அம்மாவுக்கு ஒரு குறிப்பு. சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், அத்தகைய உப்பு பக்கவாதத்தை 14 விழுக்காடு குறைத்தது. ஆயினும் டெல்மிசார்ட்டன் எடுப்பவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

தென்காசி ஆசிரியர்:

மருத்துவர் அவர்களுக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி. ஒரு வாரம் அளந்ததில் வீட்டுச் சராசரி 146/92. நீங்கள் கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு என் பதில் ஆம். முழங்கால் வலிக்காக வாரத்தில் மூன்று நாளாவது டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டாமல் இருக்க அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டே பாடம் நடத்துவது எனக்குச் சில ஆண்டுகளாக வழக்கம். எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் அப்படித்தான். அது அழுத்தத்தைக் கூட்டும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

பொது மருத்துவர், திருவாரூர்:

இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும்; நிறுத்திய பிறகும் அதன் விளைவு தணியச் சில வாரங்கள் ஆகலாம். பொட்டாசியம் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். முழங்கால் வலிக்கு என்ன எடுக்கலாம் என்று உங்கள் மருத்துவரையே கேளுங்கள். இந்த விவரங்களோடு அவரிடம் சென்றால் மூன்று மாத அவகாசத்துக்கு அவர் இசையக்கூடும்; இசையவில்லை என்றால் அவர் சொல்வதையே செய்யுங்கள்.

தென்காசி ஆசிரியர், மூன்று மாதங்களுக்குப் பின்:

எங்கள் மருத்துவர் அவகாசம் தந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றும், 160ஐத் தொட்டால் அன்றே மாத்திரை என்றும் நிபந்தனை வைத்தார். பொட்டாசியம் சரியாகவே இருந்தது. அதிமதுரத்தையும் வலி மாத்திரையையும் விட்ட நான்காவது வாரத்தில் சராசரி 141/90 ஆனது. காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். குடந்தை அம்மாவின் கணக்குப்படி எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு 750 கிராம் உப்புதான். எடை 77 கிலோ. சென்ற வாரச் சராசரி 138/88.

குறைந்திருக்கிறது, ஆனால் எல்லைக்குள் வரவில்லை. அப்பாவின் கதையையும் சேர்த்து எண்ணிப் பார்த்த மருத்துவர், இதோடு மாத்திரையையும் தொடங்கலாம் என்றார். நேற்று இரவு முதல் மாத்திரையை எடுத்துக்கொண்டேன். நடையும் உப்புக் கணக்கும் அப்படியே தொடரும்.

என் கருவியால் அம்மாவுக்கும் பார்த்தேன். இதுவரை ஒருமுறைகூட அளந்ததில்லையாம். 168/84 இருந்தது, மறுநாளும் ஏறக்குறைய அதேதான். முதலில் வரமாட்டேன் என்றார். அப்பாவின் கடைசி ஆண்டுகளைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசினோம். நாளை காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.