மணலுக்குள் இருக்க வேண்டிய நட்சத்திர மீன் நான்கு நாளாக வெளியிலேயே கிடக்கிறது, உதவுங்கள்

உப்புத்தொட்டி:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 150 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), ஏழு மாதம் ஆகிறது. மணல் சுமார் 4 செ.மீ. மணல் மேல் பழுப்புப் படலம் வந்துகொண்டே இருந்ததால், மூன்றரை மாதம் முன்பு மணல் சலிக்கும் நட்சத்திர மீன் ஒன்று வாங்கி விட்டேன். "மணலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், தனியாகத் தீனி போட வேண்டாம்" என்றுதான் சொன்னார்கள். முதல் மாதம் பிரமாதம். மாலையானால் மணலை உழுதுகொண்டே போகும், பகலில் கண்ணிலேயே படாது.

இப்போது நான்கு நாளாகப் புதையவே இல்லை. கைகள் மெலிந்துவிட்டன. ஒரு கையின் நுனி வெள்ளையாகிக் கரைவதுபோல இருக்கிறது. வெப்பம் 25.5, அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, உப்பு ஆயிரத்துக்கு 35. மீன்கள், பவளங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. இது ஏதாவது நோயா? மருந்து போடலாமா?

அலைவாய்:
மருந்து எதையும் ஊற்றிவிடாதீர்கள், முக்கியமாகத் தாமிரம் கலந்ததை. மீனுக்கு மருந்தாவது இதற்கு விஷம், பவளத்துக்கும்தான். இரண்டு கேள்வி: உப்பை எதில் அளக்கிறீர்கள்? தொட்டியில் நத்தைகள் இருக்கின்றனவா?

உப்புத்தொட்டி:
முள் ஆடும் ஹைட்ரோமீட்டர்தான். நத்தை என்றால்... நான்கு நசாரியஸ் நத்தை விட்டிருந்தேன். கொஞ்ச நாளாகக் காணவில்லை. வெறும் ஓடு இரண்டு மணல் மேல் கிடந்தது. வயதாகிச் செத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மணல்வீடு:
வயதாகிச் சாகவில்லை, உங்கள் நட்சத்திர மீன்தான் தின்றிருக்கும்!

இந்த வகை அழுக்கையும் பாசியையும் தின்று வாழ்வதல்ல, வேட்டையாடுவது. மணலுக்குள் இருக்கும் புழு, குட்டி நத்தை, சிறு மட்டி, பூச்சி போன்ற ஓட்டுயிர்கள் இவைதான் அதன் சாப்பாடு. சிறிய நத்தையை முழுதாக விழுங்கி, சதையைச் செரித்துவிட்டு, வெறும் ஓட்டை வாய் வழியாகவே துப்பிவிடும். அதற்கு ஆசனவாயே கிடையாது. நீங்கள் பார்த்த ஓடுகளும் அப்படி வந்தவையாக இருக்கலாம். மணலைச் சுத்தம் செய்கிறது என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது, அது மணலில் இருந்த உயிரையெல்லாம் காலி செய்துகொண்டிருக்கிறது.

150 லிட்டரில், ஏழு மாத மணலில், அதற்கு எத்தனை நாள் சாப்பாடு இருக்கும்? தீர்ந்துபோனதும் பட்டினி. உடனே சாகாது, தன் உடம்பையே கரைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தாங்கும். அதனால்தான் "நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று செத்துவிட்டது" என்கிறார்கள்.

ராத்திரி விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் அடித்துக் கண்ணாடியோரம் மணலைப் பாருங்கள். புழுத் தடமும் ஊர்ந்து திரியும் பூச்சிகளும் தெரியாவிட்டால் விஷயம் அதுதான்.

அலைவாய்:
பட்டினி என்பதை ஏற்கிறேன். ஆனால் உப்பையும் விட முடியாது. இந்த இனத்துக்கு உடம்பின் உப்பைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரியாது, வெளியே தண்ணீர் மாறினால் உள்ளேயும் மாறும். முள் ஹைட்ரோமீட்டரில் ஒரு சிறு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்கு தப்பு. ஆவியாகும் தண்ணீரை எப்போது நிரப்புகிறீர்கள்?

உப்புத்தொட்டி:
வாரம் ஒரு முறை. நான்கைந்து லிட்டர் பிடிக்கும்.

மணல்வீடு:
அது தினமும் செய்ய வேண்டிய வேலை. ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி, உப்பு 35 என்று உறுதியாகத் தெரிந்த அளவுத் திரவத்தில் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் புது இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாததால் வரும் அடி பெரும்பாலும் முதல் சில நாளிலோ வாரத்திலோ தெரிந்துவிடும். மூன்று மாதம் கழித்து, மெலிந்து, நத்தையும் காணாமல் போன பிறகு என்றால் என் சந்தேகம் பசி மேல்தான்.

இன்று இரவே செய்யுங்கள். நகம் அளவு மட்டிச் சதையோ பச்சை இறால் துண்டோ எடுத்து, இடுக்கியால் அதன் நடு உடம்புக்கு அடியில் செருகுங்கள். வாய் கீழே நடுவில் இருக்கிறது. மேலே வைத்தால் மீனும் நண்டும்தான் தின்னும். துளையுள்ள பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டால் திருட்டு இருக்காது. இரண்டு நாளுக்கு ஒரு முறை போதும், மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள்.

உயிர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, தண்ணீருக்குள்ளேயே மெதுவாகப் புரட்டி வையுங்கள். அடியிலுள்ள சின்னச் சின்னக் குழாய்க்கால்கள் அசைந்து, தானே திரும்பிக்கொண்டால் நம்பிக்கை உண்டு. அசைவே இல்லாமல் சதை பிரிந்து விழ ஆரம்பித்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள், அந்த அளவுத் தொட்டியில் அழுகினால் அம்மோனியா ஏறும்.

உப்புத்தொட்டி:
புரட்டிப் பார்த்தேன், திரும்பிக்கொள்ள கால் மணி நேரம் எடுத்தது. மட்டித் துண்டு காலையில் இல்லை! கண்ணாடியோரம் டார்ச் அடித்தேன், ஒரு புழு கூட இல்லை. ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பு 32தான் காட்டுகிறது. ஒரே நாளில் 35 ஆக்கலாமா?

அலைவாய்:
வேண்டாம். நாளுக்கு ஒன்றுக்கு மேல் ஏற்றாதீர்கள். நிரப்பும் தண்ணீரில் கொஞ்சம் உப்புக் கலந்தாலே மெதுவாக ஏறிவிடும்.

உப்புத்தொட்டி (16 நாள் கழித்து):
வெள்ளையான நுனி உதிர்ந்துவிட்டது, ஆனால் அதற்கு மேல் கரையவில்லை. ஆறு முறை ஊட்டினேன், ஐந்து முறை தின்றது. நேற்றிலிருந்து பாதி உடம்பு வரை புதைகிறது. தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று வருடமான 800 லிட்டர் தொட்டி, ஆழமான மணலோடு இருக்கிறது. அவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கேயும் ஊட்ட வேண்டுமா?

மணல்வீடு:
கை சதைப்பிடிக்கும் வரை ஊட்டச் சொல்லுங்கள். தண்ணீரோடு சேர்த்தே டப்பாவில் எடுங்கள், காற்றில் தூக்காதீர்கள். அங்கே அந்தத் தொட்டித் தண்ணீரை டப்பாவில் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு மணி நேரமாவது பழக்கிவிட்டு இறக்கட்டும். உங்கள் தொட்டியில் உடனே வேறு எதையும் விடாதீர்கள். அந்தப் பழுப்புப் படலம் பெரும்பாலும் டயட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டியில் வந்து தானே போகும். அதுவரை குழாயால் உறிஞ்சி எடுங்கள். மணலில் புழுக்கள் திரும்ப வர, அவருடைய தொட்டியிலிருந்து ஒரு கப் மணல் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

உப்புத்தொட்டி:
சரி அண்ணா. இரண்டு கப் கேட்டிருக்கிறேன்.