மறு: ‘ஹார்னஸ்’ சேணமா? கார் வயரிங்கைக் குறைப்பதற்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதத்தான் முடியவில்லை, கை முழுக்க டேப் பசை. காரின் வயரிங் ஹார்னஸிலிருந்து, அதாவது வண்டி முழுக்க ஓடும் மின்கம்பிக் கட்டிலிருந்து, தேவையற்ற கம்பிகளை எடுப்பதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறீர்கள். அதே வேலையைத்தான் என் வீட்டுக் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன்.

> அகராதியில் ஹார்னஸ் என்றால் சேணம். எனவே வயரிங் ஹார்னஸ் = மின்சேணம். தேவையற்ற கம்பிகளை நீக்குதல் = மின்சேணக் குறைப்பு.

இதை எழுதிய தமிழாசிரியர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. சேணம் குதிரையின் முதுகில் போடுவது, ஆள் உட்கார. ஆங்கிலச் சொல் குறிப்பதோ குதிரையை வண்டியில் பூட்டும் வார்களை. குதிரைக்கே சரியாகப் பொருந்தாததைக் காருக்குக் கொண்டுவர வேண்டுமா? பட்டறையில் இதை ‘வயரிங் கிட்’ என்கிறார்கள், பைக் கடையிலும் அதே பெயர்தான். எழுத்துக்குத் தமிழ் வேண்டுமென்றால் ‘கம்பிக் கற்றை’ போதும். கூந்தல் கற்றை, வைக்கோல் கற்றை போல இதுவும் பல இழைகள் ஒரு கட்டாகச் சேர்ந்து கிடப்பது. ‘வடம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தேர் வடத்தில் எல்லாப் புரியும் ஒரே முனையில் தொடங்கி ஒரே முனையில் முடியும். இதில் அப்படி இல்லை. ஹெட்லைட்டுக்குப் போகிற கம்பி வழியில் பிரிந்துவிடும், ஹாரனுக்குப் போவது வேறு பக்கம் திரும்பும்.

பெயர்ச்சொல்லில் பெரிய சிக்கல் இல்லை. வினைச்சொல்தான் சண்டைக்குரியது. அதற்கு முன்னால் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலையைப் பார்க்காமல் சொல் செய்தால் சேணம் மாதிரிதான் ஆகும்.

என்னிடம் இருப்பது பழைய மாருதி எஸ்டீம் கார், 1.3 லிட்டர் இன்ஜெக்‌ஷன் வண்டி. சென்னைக்கு அருகில் உள்ள இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்காகத் தயார் செய்கிறேன். ஏசி, பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், ஸ்டீரியோ எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. ஆனால் பொருள் போனாலும் அதன் வயர் போவதில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் எங்கும் போய்ச் சேராத கப்ளர்கள் (வயர்களைச் செருகி இணைக்கும் ப்ளாஸ்டிக் முனைகள்) தொங்குகின்றன. அவற்றில் சிலவற்றில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும். 12 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது, வண்டியைக் கொளுத்தும்.

எடை குறையும் என்று ஆசை காட்டுவார்கள். தராசில் வைத்துப் பார்த்தேன், இதுவரை வந்தது 2 கிலோ 300 கிராம். அதை என் தொப்பையிலேயே குறைத்திருக்கலாம். உண்மையான லாபம் வேறு. ஒரு நாள் வண்டி நின்றுபோனால், அறுபது கம்பிக்கு நடுவில் தேடுவதற்கும் இருபது கம்பிக்கு நடுவில் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கப்ளரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுத வேண்டும். அப்புறம் கற்றையை முழுதாக வெளியே எடுத்து, ஒரு ப்ளைவுட் பலகையில் ஆணி அடித்து, காரில் கிடந்த அதே வளைவில் பரப்ப வேண்டும். பழைய டேப்பை நகத்தால்தான் பிரிக்கலாம், கத்தி பட்டால் உள்ளே எந்த வயரில் கீறல் விழுந்தது என்றே தெரியாது. பிறகு ஒரு வயரைத் தேர்ந்தெடுத்து, வண்டியின் வயரிங் வரைபடத்தோடு ஒப்பிட்டு, இரண்டு முனையையும் கண்டுபிடிக்க வேண்டும். கப்ளருக்குள் டெர்மினலை, அதாவது வயர் நுனியில் உள்ள உலோக முனையை, ஒரு சின்ன நாக்கு பிடித்துக்கொண்டிருக்கும். மெல்லிய ஊசியை முன்பக்கமாக விட்டு அதை அமுக்கினால், ‘டிக்’ என்று ஒரு சத்தம், டெர்மினல் பின்னால் வழுக்கி வந்துவிடும். அடுத்த முனையிலும் அப்படியே. அதன் பிறகுதான் அந்த ஒற்றை வயரைக் கட்டிலிருந்து உருவலாம்.

நிறத்தை மட்டும் பார்த்துக் கைவைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் கார்களில் பழுப்பு என்றால் எர்த், அதாவது பேட்டரியின் மைனஸோடு சேர்வது. பழைய பிரிட்டிஷ் கார்களில் அதே பழுப்பு நேராகப் பேட்டரியிலிருந்து வருவது. முனை வரை போய்ப் பார்க்காமல் எதையும் தொடக் கூடாது.

இனி இந்த வேலைக்கு இழையில் வந்த சொற்கள்.

‘உரித்தல்’ வேண்டாம். வயரின் மேலுறையை எடுப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. “இந்த வயரை உரிடா” என்றால் பட்டறைப் பையன் கட்டரை எடுத்து நுனியைச் சீவிக் கொண்டுவந்து கொடுப்பான். ‘கம்பி நீக்கம்’ தவறில்லை, ஆனால் பணிநீக்க ஆணை மாதிரி ஒலிக்கிறது.

கோவைத் தம்பி சொன்ன ‘கவாத்து’ (செடியின் கிளைகளை வெட்டிவிடுவது) எனக்கு மிகவும் பிடித்தது. மல்லிகைக்கும் தேயிலைக்கும் புழங்கும் உயிருள்ள சொல். ஒரு நாள் முழுக்க அதையே மனதில் வைத்திருந்தேன். ஆனால் கவாத்து செய்தால் கட்டை நிற்கும். மறுபடி துளிர்க்க வேண்டும் என்றே அதை விடுகிறோம். வயரிங்கில் ஆபத்தே அந்தக் கட்டையில்தான். பாதியில் நறுக்கி டேப் சுற்றிவிட்ட வயர் டேப் இளகும் வரை சும்மா இருக்கும். பிறகு ஏதோ ஒரு குலுக்கலில் பாடியைத் தொடும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம்.

வேரோடு எடுக்க வேண்டும் என்றால் நம்மிடம் இருக்கும் சொல் ‘களை’. இந்த வயர்கள் களை அல்லவே, ஒரு காலத்தில் பயன்பட்டவைதானே என்று கேட்கலாம். நெல் வயலில் கம்பு முளைத்தால் அதுவும் களைதான். எது களை என்பது, என்ன பயிர் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தச் சொல் நம்மை எச்சரிக்கவும் செய்கிறது. களையெடுக்கத் தெரியாதவன் பயிரையும் பிடுங்குவான். நானே பிடுங்கினேன்.

மீட்டர் போர்டில் சிவப்பாக ஒரு பேட்டரி விளக்கு இருக்கிறதே, வேறு மீட்டர் வைப்பதால் அது வேண்டாம் என்று அதன் வயரை உருவிவிட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனது, மகிழ்ச்சி. அரை மணி நேரத்தில் ஹெட்லைட் மஞ்சளானது. மல்டிமீட்டரில் 14 வோல்ட்டைத் தொட வேண்டிய இடத்தில் 12 கூட இல்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று கழற்றப் போனேன். நல்லவேளை, அதற்குள் வரைபடத்தைத் திரும்பப் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் அந்தச் சின்ன விளக்கின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டரின் சுருளுக்கு முதல் மின்னோட்டம் போகிறது. அந்தத் தூண்டுதல் இல்லாவிட்டால் அது சும்மா சுற்றும், சார்ஜ் தராது. ஒரு பல்பையும் இரண்டடி வயரையும் திரும்ப வைத்ததும் சரியாகிவிட்டது.

வடிவம் பற்றி. ‘கற்றைக் களைப்பு’ என்றால் வேலை செய்தவனின் அயர்ச்சி என்றாகிவிடும் (அதுவும் பொய்யில்லை). களை பறிப்பதற்குக் ‘களைகட்டல்’ பழைய சொல்தான். ஆனால் இன்று திருவிழாதான் களைகட்டுகிறது. எனவே ‘களையெடுப்பு’. முழுப்பெயர் ‘கற்றைக் களையெடுப்பு’, பேச்சில் ‘வயரிங்கைக் களையெடு’. இதுவே என் முன்மொழிவு.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து

---

அண்ணா, வணக்கம். கவாத்தை விட்டுக்கொடுக்கிறேன், ஆனால் ஒரு கேள்வி.

> வேரோடு எடுக்க வேண்டும்

எல்லா வயருக்கும் இரண்டு முனை இருந்தால் சரி. கற்றைக்கு நடுவில் நாலு வயரைச் சேர்த்து ஒரு பித்தளைக் கிளிப்பில் நெரித்து வைத்திருப்பார்களே, அங்கே என்ன செய்வது? ஸ்டீரியோவுக்குப் போகிற எர்த்தும் ஃபியூவல் பம்ப் எர்த்தும் அதே இடத்தில் சேர்ந்திருந்தால், உருவ முடியாது. வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போது உங்கள் களை என்ன ஆகும்?

கோவையிலிருந்து

---

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பதில் எழுதாமல் இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த இடத்துக்கும் நமக்குத் தமிழில் பெயர் இல்லை. ‘இணைப்பு’ என்றால் கப்ளரோடு குழம்பும். ‘முடிச்சு’ என்றால் அவிழ்க்கலாம் என்று தோன்றும். ‘கணு’ என்று வைத்தால் என்ன? கரும்பிலும் மூங்கிலிலும் கிளை அங்கேதான் புறப்படுகிறது, நறுக்குவதும் அதை ஒட்டித்தான். வேர் வரை வராத வயரைக் கணு வரை கொண்டுபோய், கிளிப்பிலிருந்து ஒரு நூல் (எட்டில் ஒரு அங்குலம்) விட்டு நறுக்க வேண்டும். இருபக்கமும் மற்ற வயர்கள் போவதால் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) அங்கே நுழையாது, டேப்தான் சுற்ற வேண்டும். கிளிப்பைப் பிரித்து ஈயம் வைக்கலாமே என்று கை அரிக்கும். வேண்டாம். ஈயம் ஊறிய இடம் விறைத்துப் போகும், அதிர்வில் அந்த ஓரத்தில்தான் வயர் ஒடியும்.

அம்பத்தூரிலிருந்து

---

குழுவினருக்கு,

சேணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘கணு’ மிக அருமை, இந்த இழையில் கிடைத்த சிறந்த சொல் அதுவே என்பேன்.

‘கம்பி’யில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கம்பி என்றதும் ஜன்னல் நினைவுக்கு வருகிறது. எண்ணினால் சிறை, நீட்டினால் ஓட்டம். ஏற்கெனவே வேலை அதிகம் உள்ள சொல். ‘மின்கற்றை’ என்று சுருக்கலாமே?

ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

---

ஐயா, மின்கற்றை என்றால் யாராவது மின்னல் என்று படித்துவிடுவார்களோ என்றுதான் தயக்கம். வண்டி பற்றிய கட்டுரைக்குள் வரும்போது வெறும் ‘கற்றை’யே போதும் என்று தோன்றுகிறது. மற்றவர்களும் சொல்லட்டும்.

இன்று இடது கதவுக்குப் போகும் கிளையைப் பிரித்தேன். மூன்று கணு. ஒன்று வரைபடத்திலேயே இல்லை.

அம்பத்தூரிலிருந்து